இதயத் துடிப்புக் கோளாறும் அதன் குளிசைகளும்: கிளினிக் வாங்கில் கேட்ட கேள்விகள்

நான் வைத்தியன் அல்லன். பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஒன்பது ஆண்டுகளாக ஒழுங்கற்ற இதயத் துடிப்போடு காலம் தள்ளுபவன். மாதத்தில் ஒரு நாள் விடியவே போய் இலக்கம் எடுத்துக்கொண்டு மட்டக்களப்புக் கிளினிக்கின் நீள வாங்கில் உட்கார்ந்திருக்கும்போது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்களும் காத்தான்குடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடிப் பக்கத்தவர்களும் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்பட்டதையும், கேட்டும் விளங்காமல் வந்ததையும் அவரவர் வாய்ச்சொல்லிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் குளிசையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சேர், எனக்கு வந்தது மாரடைப்பா? துடிப்பு பிழையெண்டு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க.

மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. உங்களுக்கு இருப்பது மின்னோட்டக் கோளாறு. இதயத்தின் மேலறையில் உள்ள ஒரு சிறு கணு நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்துடிப்பை எழுப்ப, அது வரிசையாகக் கீழறைகளுக்கு இறங்கி இதயத்தைச் சுருங்கச் செய்கிறது. கிளினிக் கொப்பிகளில் நான் அதிகம் காணும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேசன்’ என்ற கோளாறில், மேலறைகளில் நிமிடத்துக்கு 350 தொடக்கம் 600 வரையான மின்னலைகள் ஒன்றையொன்று மோதித் திரிகின்றன. மேலறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. நடுவில் உள்ள இன்னொரு கணு அவற்றில் பெரும்பகுதியைத் தடுத்து, சிலவற்றை மட்டும் எந்த ஒழுங்குமின்றிக் கீழே விடுவதால்தான் நாடி தாறுமாறாக அடிக்கிறது.

வயது, உயர் இரத்த அழுத்தம், சீனி வருத்தம், தைரொயிட் மிகையாகச் சுரத்தல், குடி ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள். எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சிறு வயதில் தொண்டை நோவோடு வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போக, முப்பது நாற்பது வயதிலேயே இந்தத் துடிப்போடு வருபவர்கள் உண்டு. அவர்களுக்கான பதில்கள் சில இடங்களில் வேறாக இருக்கும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

வந்து வந்து போகுது. ஈ.சி.ஜி. எடுத்தா நல்லாத்தான் இருக்காம். அப்ப வருத்தம் இல்லத்தானே?

ஈ.சி.ஜி. சில விநாடிகளை மட்டுமே பதிகிறது. திருடன் போன பிறகு வீட்டைப் படமெடுத்தால் படத்தில் அவன் இருக்க மாட்டான். இக்கோளாறு பலருக்கு ஆரம்பத்தில் மணிக்கணக்கில் வந்து தானாக அடங்கிவிடும் என்பதால்தான், 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடலில் கட்டி வைத்துத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியைத் தருகிறார்கள். அதைக் கட்டியிருக்கும் நாளில் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். அசையாமல் படுத்திருந்தால் கருவி கட்டியதில் பலனில்லை. படபடப்பு வரும் நேரத்தில் அருகில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது இன்னும் நல்லது.

வீட்டில பிறசர் மெசின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொண்டு காட்டுது. மெசின் பழுதா?

பெரும்பாலும் பழுதில்லை. துடிப்பு ஒழுங்கற்றிருக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு மாறுவதால், கருவியின் கணக்கும் மாறுகிறது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருந்து, மூன்று தடவை அளந்து, மூன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

நாடித்துடிப்பைக் கருவியை விட விரலால் பார்ப்பதே நம்பகமானது. இடக்கையை மடியில் மல்லாத்தி வைத்து, பெருவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் பள்ளத்தில் வலக்கையின் மூன்று விரல்களை மெல்லப் பதியுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது ஒழுங்காகத் துடிப்பவர்களுக்கு. எங்களுக்கு முழுதாக அறுபது விநாடி எண்ண வேண்டும். நான் சுவர் மணிக்கூட்டுக்கு நேரே கதிரையைப் போட்டு, முள் பன்னிரண்டைத் தொடும்போது தொடங்குவேன்: இரண்டு அடி அடுத்தடுத்து வரும், பிறகு ஒரு நீண்ட மௌனம், பிறகு பலமாக ஒன்று. அந்த மௌனத்தில் ஆரம்பத்தில் எனக்கு உயிரே போய்வரும். இப்போது அடுத்த எண்ணைச் சொல்லக் காத்திருக்கிறேன். ஓய்வில் 110க்கு மேலேயே நின்றாலோ, 50க்குக் கீழே இறங்கித் தலையும் சுற்றினாலோ கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

படபடப்பு நிண்டு ஆறு மாசம். பிறகேன் இன்னும் குளிசை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். உங்கள் கையில் இருக்கும் குளிசைகள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. பிசொப்ரோலோல், அட்டெனோலோல், டிஜொக்சின், வெரபமில், அமியோடரோன் போன்றவை துடிப்பின் வேகத்தையோ ஒழுங்கையோ கவனிக்கின்றன. அவற்றின் பலனை நீங்களே உணர்வீர்கள். வார்பரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எந்த உணர்வையும் தராது. நடுங்கும் மேலறையில், சிறப்பாக இடப்பக்கத்தில் பை போலத் தொங்கும் சிறு மூலையில், இரத்தம் தேங்கிக் கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பாரிசவாதம். இக்கோளாறு உள்ளவருக்கு அந்த ஆபத்து மற்றவர்களை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு. படபடப்பே தெரியாதவருக்கும் அது உண்டு. படபடப்பு நின்றவருக்கும் உண்டு.

எல்லோருக்கும் உறைவுத் தடுப்பு மருந்து தேவைப்படுவதில்லை. வயது, பிறசர், சீனி, இதயப் பலவீனம், முன்பு வந்த பாரிசவாதம் ஆகியவற்றைப் புள்ளியிட்டு வைத்தியர் முடிவு செய்கிறார். ‘அஸ்பிரின் குடிக்கிறேன், அது போதும்’ என்று சிலர் சொல்வார்கள். இந்தக் கட்டிக்கு அஸ்பிரின் போதாது. இரத்தக் கசிவு ஆபத்தை மட்டும் அது தந்துவிட்டுப் போகும். ஆகவே எந்தக் குளிசை எந்த வேலைக்கு என்பதைப் பெட்டியின் மேலேயே தமிழில் எழுதி வையுங்கள். ‘வேகத்துக்கு’, ‘உறையாமலிருக்க’ என்ற இரண்டு சொற்கள் போதும்.

வார்பரின் எலி மருந்தாமே? அதையா எங்களுக்குத் தாறாங்க?

உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சணம் பிடித்த ஒருவகை வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து இறந்தன. அந்த வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்த ஆய்வின் வழியில் வந்ததே வார்பரின். 1948இல் எலிப் பாஷாணமாகச் சந்தைக்கு வந்து, 1954இல் மனிதருக்கான மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. 1955இல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். நஞ்சா மருந்தா என்பது அளவைப் பொறுத்தது. அந்த அளவைப் பிடித்து வைக்கத்தான் உங்கள் கையில் ஊசி குத்துகிறார்கள்.

ஐ.என்.ஆர். எண்டு குத்திக் குத்திப் பாக்கிறாங்க. அந்த இலக்கம் என்ன?

உங்கள் இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைச் சாதாரண இரத்தத்தோடு ஒப்பிடும் எண் அது. மருந்தில்லாதவருக்கு ஏறக்குறைய 1. இந்தக் கோளாறுக்கு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருப்பார்கள். உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு இலக்கு பெரும்பாலும் இன்னும் சற்று உயரும். 2க்குக் கீழே காப்பு குறைகிறது. 4ஐத் தாண்டினால் கசிவு ஆபத்து வேகமாக ஏறுகிறது.

குளிசையைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை. 1 மி.கி. கபிலம், 3 மி.கி. நீலம், 5 மி.கி. இளஞ்சிவப்பு என்ற நிற வழக்கம் பல கம்பனிகளில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. 2022ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்த கம்பனியை வாங்கிக் குடித்த எங்களுக்கு நிறத்தை நம்பக் கூடாது என்பது நன்றாகத் தெரியும். மட்டையில் அச்சிட்ட மில்லிகிராமை வாசியுங்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். கம்பனி மாறினால் அதைக் கிளினிக்கில் சொல்லி, ஐ.என்.ஆரைச் சற்று முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கீரையைக் கண்ணிலயும் காட்டக் கூடாதெண்டு மருமகள் நிக்கிறாள். மெய்தானா?

மெய்யில்லை. வார்பரின் வேலை செய்வது விற்றமின் கே-யை எதிர்த்து. அந்த விற்றமின் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை, அகத்தி போன்ற பச்சை இலைகளில் நிறைய உண்டு. ஆகையால் இவ்வளவு காலமும் கிழமைக்கு மூன்று நாள் முருங்கை இலை வறை சாப்பிட்டவர் அப்படியே சாப்பிடலாம். அந்த அளவுக்கு ஏற்பத்தான் மருந்தின் அளவை நிர்ணயித்திருப்பார்கள். சிக்கல் மாற்றத்தில்தான் இருக்கிறது. ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த மாதம் யாரோ சொன்னார்கள் என்று தினமும் வல்லாரைச் சாறு குடித்தால் எண் தடாலென்று விழும். இலையை நிறுத்தினாலும் அதேபோல ஏறும். மருமகளிடம் சொல்லுங்கள்: ஒரே அளவு, ஒழுங்காக. தயிருக்கும் மீனுக்கும் இறாலுக்கும் இந்த வழக்கில் சம்பந்தமில்லை.

கொழும்பில புதுக் குளிசை குடிக்கிறாங்களாம், இரத்தம் குத்தத் தேவையில்லையாம். எனக்கேன் தரல்ல?

அப்பிக்சபான், ரிவரொக்சபான், டபிகட்ரான் போன்றவற்றைச் சொல்கிறீர்கள். நல்ல மருந்துகள், ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, கீரைக் கணக்கும் இல்லை. ஆனால் வாதக் காய்ச்சலால் இடப்பக்க வால்வு கணிசமாகச் சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு உள்ளவர்களுக்கும் இவை பொருந்தா. வாதக் காய்ச்சல் இதய நோயாளரிடம் ரிவரொக்சபானை வார்பரின் வகையோடு ஒப்பிட்ட, 2022இல் வெளியான பெரிய ஆய்வில் பழைய மருந்தே நன்றாகக் காத்தது. எனவே உங்களுக்கு வார்பரினே தருகிறார்கள் என்றால் அது ஏழை மருந்து என்பதற்காக மட்டும் இருக்காது. முதலில் உங்கள் வால்வின் நிலையைக் கேட்டுப் பாருங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இவற்றின் அளவை மாற்ற வேண்டிவரும். இவற்றின் பலன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும் என்பதால், பணம் முடிந்து நாலு நாள் வாங்காமல் விடுவது வார்பரினை விடுவதை விட விரைவாக உங்களைக் காப்பில்லாமல் விட்டுவிடும். மாதாமாதம் வாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டு மாறுங்கள். ரிவரொக்சபானைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். டபிகட்ரானை அது வந்த பெட்டியிலேயே வைக்க வேண்டும், காற்று ஈரம் அதற்கு ஆகாது.

முழங்கால் நோவு தாங்க ஏலா. பாமசியில ஒரு குளிசை வாங்கிக் குடிச்சா என்ன?

நான் குடித்தேன். வார்பரின் தொடங்கி இரண்டாவது ஆண்டு. ஒரு மருந்துக்கடையில் முழங்கால் வலி என்றேன். டைக்குளோபினாக் ஐந்து நாளைக்குத் தந்தார்கள். வேறு என்ன குடிக்கிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலாம் நாள் காலை மலம் தார் போலக் கறுத்து, ஒட்டி, ஒரு விசித்திரமான நாற்றத்தோடு போனது. இரும்புச்சத்துக் குளிசையின் நிறமாக்கும் என்று ஒரு நாளை வீணாக்கினேன். நான் அப்போது இரும்புச்சத்துக் குளிசை குடிக்கவேயில்லை என்பது மனைவி சொல்லித்தான் உறைத்தது. வாட்டில் இரத்தம் ஏற்றினார்கள்.

டைக்குளோபினாக், இபுபுரொபென், மெபினமிக் அசிட் போன்றவை இரைப்பையின் உள்தோலை அரிப்பதோடு, வார்பரினும் சேரும்போது கசிவை நிறுத்த ஆளில்லாமல் செய்துவிடுகின்றன. புதுக் குளிசைகளோடும் இதே கதைதான். நோவுக்குப் பரசிற்றமோல் பாதுகாப்பானது. அதையும் முழு அளவில் பல நாள் தொடர்ந்தால் ஐ.என்.ஆர். கூடும் என்பதால் சொல்லிவிட்டே தொடருங்கள். மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின், கிளரித்ரோமைசின், புளுகோனசோல் ஆகியவையும் எண்ணை ஏற்றும். ஆகவே பல்லுக்கோ வயிற்றோட்டத்துக்கோ எங்கே போனாலும் கிளினிக் கொப்பியை முதலில் நீட்டுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் இன்னும் கவனம்: டெங்கு இரத்தத் தட்டுக்களைக் குறைக்கும், உங்கள் மருந்து உறைதலைத் தடுக்கும், இரண்டும் சேர்ந்த உடம்பை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

குளிசை தொடங்கினதிலயிருந்து கால் எடுத்து வைக்க ஏலாத களைப்பு. வயசுதான் காரணமா?

வயதாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிசொப்ரோலோல், அட்டெனோலோல், மெட்டொப்ரோலோல் வகையை. இவை இதயத்தின் அவசரத்தைத் தணிப்பவை. கூடவே களைப்பு, கைகால் குளிர்தல், கெட்ட கனவு ஆகியவை வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று கிழமையில் உடம்பு பழகிவிடும். பழகாவிட்டால் அளவைக் குறைக்கவோ வேறு வகைக்கு மாற்றவோ வழி உண்டு. இழுப்பு வருத்தம் உள்ளவர் அதை முதல் நாளே சொல்ல வேண்டும். சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: சீனி திடீரெனக் குறையும்போது எச்சரிக்கும் படபடப்பையும் நடுக்கத்தையும் இக்குளிசை மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் வியர்த்தால் சீனியைப் பாருங்கள்.

இதே கேள்வியைச் சில ஆண்கள் வாங்கின் ஓரத்துக்கு அழைத்துக் காதோடு கேட்பார்கள், வேறு ஒரு களைப்பைப் பற்றி. ஆம், தாம்பத்திய இயலாமையும் இவ்வகையோடு வரலாம். சீனியும் பிறசரும் அதே குறையைத் தரலாம். வைத்தியருக்கு இது புதிய செய்தி அன்று. வெட்கத்தில் குளிசையை இரகசியமாக நிறுத்துவதுதான் ஆபத்து, ஏனெனில் இவ்வகையை ஒரே நாளில் நிறுத்தினால் துடிப்பும் பிறசரும் முன்னை விட மோசமாகத் திரும்பி வரும்.

அமியோடரோன் குடிச்சா முகம் கறுக்கும், கண் போகும் எண்டு பயமுறுத்துறாங்க.

பயம் வேண்டாம், விழிப்பு வேண்டும். துடிப்பை ஒழுங்கில் வைத்திருப்பதில் வல்ல மருந்து இது. பக்க விளைவுப் பட்டியலும் அதற்கேற்ப நீளம். 200 மி.கி. குளிசையில் ஏறக்குறைய 75 மி.கி. அயடீன் இருப்பதால் தைரொயிட் கூடவும் குறையவும் செய்யலாம். கூடினால் அதுவே மறுபடி படபடப்பைக் கொண்டுவரும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தைரொயிட், ஈரல் இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றனவா என்று நீங்களே கொப்பியைப் புரட்டிப் பாருங்கள். கருவிழியின் மேற்படலத்தில் மெல்லிய படிவு பெரும்பாலானோருக்கு வரும். இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். பார்வை மங்கினால் உடனே சொல்ல வேண்டும். அதைவிட அவசரமானது, புதிதாக வந்து போகாத வறட்டு இருமலும் நடந்தால் இளைப்பும். நுரையீரல் பாதிப்பு அப்படித்தான் தொடங்கும்.

தோலுக்கு எதிரி எங்கள் வெயில்தான். வயலுக்குப் போகிறவரும் வாவியில் வலை வீசுகிறவரும் நீளக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் இல்லாமல் போகக் கூடாது. சிலருக்குக் கொஞ்ச நேரத்திலேயே எரிவு எடுக்கும், நெடுங்காலம் குடித்தவர்க்கு முகம் சாம்பல் நீலமாகலாம். இம்மருந்து உடலை விட்டுப் போக வாரங்கள் அல்ல, மாதங்கள் ஆகும். எனவே நிறுத்திய மறுநாளே விளைவு போகவில்லை என்று சலிக்க வேண்டாம். வார்பரினோடு சேர்த்துத் தொடங்கினால் ஐ.என்.ஆர். ஏறும், வார்பரினை மூன்றில் ஒரு பங்கு, சில வேளை பாதி கூடக் குறைக்க வேண்டிவரும். கொலஸ்ட்ரோலுக்குச் சிம்வஸ்டட்டின் எடுப்பவர்களுக்கு அதன் அளவு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பதையும் ஞாபகப்படுத்துங்கள்.

அம்மாக்குச் சாப்பாட்டில மனமேயில்ல, சத்தி வருது. பித்தமெண்டு இஞ்சி குடுக்கிறம்.

அம்மா டிஜொக்சின் குடிக்கிறாரா என்று முதலில் பாருங்கள். 1785இல் விதரிங் என்ற ஆங்கில வைத்தியர் ஒரு பூச்செடியின் இலையைப் பற்றி எழுதிய நூலோடு மருத்துவத்தில் நிலைபெற்ற மருந்து வகை இது. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறியது. வயதானவர், உடல் மெலிந்தவர், சிறுநீரகம் தளர்ந்தவர் ஆகியோருக்கு அது உடலில் தேங்கும். பசியின்மை, குமட்டல், குழப்பம், பொருள்கள் மஞ்சளாகத் தெரிதல், நாடி மிக மெதுவாதல் ஆகியவை அதன் அடையாளங்கள். நீர் போவதற்கான புரூசமைட் குளிசையால் பொட்டாசியம் குறைந்தாலும், வயிற்றோட்டம் வந்தாலும் நிலைமை மோசமாகும். இஞ்சியை வைத்துவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

நாட்டு மருந்தும் சேத்து எடுக்கலாமா?

நாட்டு வைத்தியத்தை நான் இகழ்பவன் அல்லன்; என் தந்தையாரின் முறிவைக் கட்டியவர் ஒரு பரிசாரிதான். ஆனால் எழுத்தில்லாத சூரணத்தில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாதபோது, அதற்கேற்ப வார்பரினைச் சரிசெய்யவும் யாராலும் முடியாது. இருமலுக்கு நாள்தோறும் அதிமதுரம் எடுத்தால் பொட்டாசியம் குறையும். மேலே சொன்ன டிஜொக்சின்காரருக்கு அது நேர் ஆபத்து. கறியில் போடும் உள்ளியும் மஞ்சளும் இரசமும் பிரச்சினையில்லை. உள்ளிக் கப்சூல், மஞ்சள் கப்சூல் என்று செறிவாக எடுப்பதைத் தவிருங்கள்.

வாப்பா நோன்பு புடிக்கலாமா சேர்? விடமாட்டேங்கிறார்.

துடிப்பு அடங்கி, இதயப் பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இல்லாமல் இருப்பவர்களில் பலர் பிடிக்கிறார்கள். ரமழானுக்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் கேட்க வேண்டும் என்பதே முக்கியம். நாளுக்கு ஒருமுறை எடுக்கும் வார்பரினை நோன்பு திறந்த பின் எடுக்கலாம். நாளுக்கு இருமுறை எடுக்கும் மருந்துகளை விடியுமுன் உண்ணும் ஸஹருக்கும் நோன்பு திறப்புக்கும் பிரிப்பதை வைத்தியர் ஒத்துக்கொள்ள வேண்டும். நீர் போவதற்கான குளிசை எடுப்பவர் பகல் முழுதும் தண்ணீரில்லாமல் இருப்பது தலைச்சுற்றிலும் பொட்டாசியக் குழப்பத்திலும் முடியலாம்.

கந்தசஷ்டியில் ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்களுக்கும் இதேதான். கூடவே, சாப்பாடு குறைந்தால் விற்றமின் கே குறைந்து ஐ.என்.ஆர். ஏறும், காரணம் கீரைக் கேள்வியில் இருக்கிறது. இளநீரைப் பொறுத்தவரை, சிறுநீரகம் நல்லவர்க்கு நல்லது. பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரனோலக்ரோன் குளிசை எடுப்பவரும் சிறுநீரக நோயாளரும் நினைத்தபடி குடிக்கக் கூடாது, அதில் பொட்டாசியம் அதிகம்.

கதிர்காமத்துக்கு நடந்து போக நேத்தி வெச்சிருக்கன்.

தினமும் அரை மணி நேரம் நடப்பது உங்களுக்கு நல்லது. வயல் வேலையும் பேச்சுக்கு மூச்சு இருக்கும் வரை சரி. ஆனால் பாதயாத்திரை வேறு. உகந்தை மலையைக் கடந்து குமண, யால காட்டுக்குள் இறங்கிய பிறகு ஆஸ்பத்திரி என்ற ஒன்று பக்கத்தில் இல்லை. வெயில், தண்ணீர்க் குறைவு, கீறல், விழுதல் எல்லாம் உண்டு. பஸ்ஸில் போய் மாணிக்க கங்கையில் நீராடி நேர்த்தியை முடித்தவர்களை எனக்குத் தெரியும். முருகன் கோபித்ததாகத் தெரியவில்லை.

வருசப் பிறப்புக்குக் கொஞ்சம் சாராயம்?

ஒரே இரவில் அதிகம் குடித்த மறுநாள் இத்துடிப்போடு வருபவர்களுக்காக மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது: ‘விடுமுறை இதயம்’. வார்பரினோடு குடி ஐ.என்.ஆரையும் குழப்பும். பிளேன்ரீயை அளவாகக் குடிக்கலாம்.

ஒரு நேரக் குளிசை மறந்திட்டன். ரெண்டாச் சேத்துப் போடலாமா?

கூடாது. வார்பரினை அதே நாளில் நினைவு வந்தால் எடுங்கள்; விடிந்துவிட்டால் அதை விட்டு, வழமையான நேரத்தில் வழமையான அளவை எடுத்து, விட்ட திகதியைக் கொப்பியில் எழுதுங்கள். எழுதாமல் போனால், எண் குறைந்ததைப் பார்த்து வைத்தியர் அளவைக் கூட்டிவிடுவார். அடுத்த மாதம் எண் தலைக்கு மேல் போகும். பல் பிடுங்குவதற்காக மருந்தைத் தாமாக நிறுத்துவதும் இப்படியான தவறுதான். எண் சரியான எல்லைக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே பிடுங்குவார்கள்.

மகளுக்கு வால்வு வருத்தம், வார்பரின் குடிக்கிறாள். கல்யாணம் பேசிறம். பிள்ளை பெறலாமா?

பலர் பெற்றிருக்கிறார்கள், ஆனால் திட்டமிட்டு. வார்பரின் கருவின் 6 தொடக்கம் 12 கிழமை வரையான காலத்தில் சிசுவின் எலும்பையும் மூக்கையும் பாதிக்கக் கூடியது; பிறகும் முற்றாகப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. மருந்தைத் தானாக நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே இருதய வைத்தியரும் மகப்பேற்று வைத்தியரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும்; ஊசி மருந்துக்கு மாற்றுவதும் அதில் ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்துவிட்டு மகள் ஒளித்து ஒளித்துக் குளிசை குடிக்கும் நிலைமையை மட்டும் உண்டாக்காதீர்கள். ஒளித்துக் குடிக்கும் குளிசை மறந்துபோகும்.

எப்ப ஆஸ்பத்திரிக்கு ஓட வேணும்?

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் உடனே. அடைப்பைக் கரைக்கும் ஊசி அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள்தான் பயன்படும். படுவான்கரையிலிருந்து வருபவருக்கு அதில் எவ்வளவு நேரம் வழியிலேயே போகும் என்று நினைத்துப் பாருங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ‘நித்திரையால் எழும்பினால் சரியாகிவிடும்’ என்று படுக்க வைக்கக் கூடாது. மயக்கம், நெஞ்சு நோவு, மூச்சு முட்டும் படபடப்பு, தலை அடிபட விழுதல் (காயமே தெரியாவிட்டாலும்), கறுத்த மலம், நிற்காத மூக்கு இரத்தம் ஆகியவற்றுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஒரு குளிசை ஒத்துக்கொள்ளல்ல. டொக்டரிட்டச் சொன்னா ஏசுவார் எண்டு பயம்.

‘உடம்புக்குச் சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் வைத்தியருக்கும் பிடி கிடைப்பதில்லை. எந்தக் குளிசை, எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் என்ன நடக்கிறது, நாடி எத்தனை என்ற நான்கையும் முதல் நாள் இரவே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். என் பக்கத்தில் இருந்து இலக்கத்துக்குக் காத்திருந்த ஒருவர், மீன் வியாபாரி, அதிகம் எழுதப் படித்தவர் அல்லர். அவர் கொப்பியில் பென்சிலால் இருந்தது இவ்வளவுதான்: ‘வெரபமில். மூன்று கிழமை. பின்னேரம் செருப்பு இறுகுது. மலம் நாலு நாளைக்கு ஒருக்கா. நாடி 58.’ கால் வீக்கமும் மலச்சிக்கலும் வெரபமிலின் நன்கு தெரிந்த விளைவுகள். வைத்தியர் அதை வாசித்துவிட்டு ஒரு சொல்லும் ஏசாமல் குளிசையை மாற்றி எழுதினார். அடுத்த மாதம் அவர் வாங்கில் வந்து உட்கார்ந்ததும் எனக்குக் காட்டியது தன் செருப்பைத்தான்.